எரிப்பதா, புதைப்பதா, எங்கே புதைப்பது? கோவிட் ஜனாஸாக்களும் இலங்கைக்கு இருந்த வழிகளும்

2020 மார்ச் கடைசி வாரத்தில் இலங்கைச் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பில், கோவிட்டில் இறந்தவரின் உடலை எரிக்கலாம், அல்லது நிலத்தடி நீரைத் தொடாத இடமாகப் பார்த்து ஆறடி ஆழத்தில் புதைக்கலாம் என்றுதான் இருந்தது. மார்ச் 30ஆம் திகதி நீர்கொழும்பில் முதலாவது முஸ்லிம் நோயாளி இறந்தார். அவருடைய ஜனாஸாவை, அதாவது உடலை, எரித்தார்கள். அடுத்த நாள் குறிப்பு திருத்தப்பட்டது. "அல்லது" என்ற சொல்லும் அதற்குப் பின்னால் இருந்ததும் காணாமல் போயின. ஏப்ரல் 11ஆம் திகதி அரச அறிவித்தலான வர்த்தமானியே வந்துவிட்டது: 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் எரிக்க வேண்டும்.

இந்த விவகாரத்தை நாங்கள் பெரும்பாலும் உரிமைப் பிரச்சினையாகவே பேசினோம். அது உரிமைப் பிரச்சினைதான். ஆனால் "ஒரு பக்கம் மத உரிமை, மறுபக்கம் பொதுச் சுகாதாரம்" என்று தராசின் இரு தட்டுகளில் வைத்ததுமே, எரிப்பதுதான் சுகாதாரத்துக்கு நல்லது என்பதைப் பாதி ஒப்புக்கொண்டதாகிவிட்டது. அதனால் இங்கே வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஓர் அரசாங்கத்தின் முன் ஒரு நடைமுறைக் கேள்வி இருந்தது: இந்த உடலை என்ன செய்வது? அதற்குப் பல வழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் யாருக்கு என்ன ஆபத்தைத் தந்தது, எவ்வளவு செலவு வைத்தது, வீட்டாருக்கு எதை மிச்சம் விட்டது, அடுத்த நோயாளி பயமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வர உதவியதா? கடைசிக் கேள்வியை அந்த நாட்களில் மேசையில் வைத்தவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சைவர்கள், எரிக்கிற குடும்பம். என் மாமா ஒருவர் கோவிட்டில் போனார். எரித்தார்கள், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் உடலைக் குளிப்பாட்டவில்லை, சுண்ணம் இடிக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. மகன் கொள்ளி வைக்கவில்லை. யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தினார். பிறகு காடாத்து, எட்டு, அந்தியேட்டி என்ற சடங்குகள் ஒழுங்காகத்தான் நடந்தன. ஆனாலும் என் மச்சான் இன்றைக்கும் "நான் அப்பாவுக்குக் கொள்ளி வைக்கேல்லை" என்றுதான் சொல்கிறான். எரிப்பதையே முறையாகக் கொண்ட எங்களுக்கு இவ்வளவு என்றால், குளிப்பாட்டி, கபன் என்ற வெள்ளைத் துணியால் போர்த்தி, தொழுகை நடத்தி மண்ணில் அடக்குவதைக் கடமையாகக் கொண்டவர்களுக்கு அந்த உலை வாசல் என்னவாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கட்டாய எரிப்பு

முதலில் இந்த வழியின் நியாயத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் யாருக்கும் எதுவும் தெரியாது. நாடு ஊரடங்கில் இருந்தது. சவ அறைப் பணியாளரிலிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரை எல்லோருக்கும் பயம். ஒரே விதி, விதிவிலக்கில்லாத விதி என்றால் குழப்பமில்லை. நெருப்பில் எதுவும் மிஞ்சாது என்பது யாருக்கும் விளங்குகிற பாதுகாப்பு. அந்த முதல் இரண்டு மூன்று கிழமைகளுக்கு இதைப் பிழை என்று சொல்ல நான் தயங்குவேன்.

ஆனால் அந்தத் தயக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24ஆம் திகதியே, கோவிட் உடல்களைப் பாதுகாப்பாகக் கையாள்வது பற்றிய இடைக்கால வழிகாட்டியை வெளியிட்டிருந்தது. எரிக்கவும் செய்யலாம், புதைக்கவும் செய்யலாம். தொற்றுநோயில் இறந்தவரை எரித்தே ஆகவேண்டும் என்பது ஒரு தவறான நம்பிக்கை என்று அதில் எழுதியே இருந்தது. வர்த்தமானி வந்தது அதற்கு 18 நாட்களுக்குப் பிறகு.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நோயாளி உயிரோடு இருக்கும்போது இருமுகிறார், மூச்சு விடுகிறார். தொற்று அதிகம் பரவுவது அங்கேதான். இறந்த பிறகு உடலைத் தூக்குவது, குழாய்களைக் கழற்றுவது, பையில் இடுவது என்பவற்றில் கொஞ்சம் ஆபத்து உண்டு. எரிப்பதாக இருந்தாலும் புதைப்பதாக இருந்தாலும் இந்த வேலைகள் ஒன்றே. பையின் சிப்பைப் பூட்டிய பிறகு வாகனம் மின் தகன மேடைக்குப் போகிறதா, முஸ்லிம்களின் இடுகாடான மையவாடிக்குப் போகிறதா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. அதற்குப் பிறகு எஞ்சும் ஒரே வாதம், மண்ணுக்குள் இருந்து கிருமி தண்ணீருக்குப் போகும் என்பது.

நிலத்தடி நீர் வாதம் காதுக்குப் பொருத்தமாகத்தான் கேட்டது. இலங்கையில் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் ஏராளம். கொழும்பைச் சுற்றிப் பல இடங்களில் நாலைந்து அடி தோண்டினாலே ஊற்று வரும். ஆனால் இந்த வைரஸ் உயிருள்ள கலத்துக்குள் மட்டும் பெருகுவது. உடல் இறந்தால் அதற்குப் பெருக இடமில்லை. அது மூச்சு வழி பரவுகிற நோய். கொலரா, நெருப்புக்காய்ச்சல் போலத் தண்ணீர் வழி வருவதல்ல. ஹொங்கொங்கில் பணியாற்றிவந்த இலங்கையரான வைரஸ் நிபுணர் மலிக் பீரிஸ், சார்ஸ் காலத்திலிருந்தே உலகம் அறிந்தவர், இதை வெளிப்படையாகவே சொன்னார். இன்னொன்றும் உண்டு. உயிரோடிருந்த நோயாளிகள் எல்லோரும் வீட்டிலும் தனிமைப்படுத்தல் நிலையத்திலும் மலசலகூடம் போனார்கள்தானே? அந்தக் குழிகள் எல்லாம் அதே மண்ணில்தான் இருந்தன. அவற்றைப் பற்றி ஒரு வர்த்தமானியும் வரவில்லை. 2024 ஜூலையில் கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தபோது மேற்கோள் காட்டிய ஆய்வும் இதைத்தான் சொன்னது: நீரில் வைரஸ் சேர்வது மனிதக் கழிவால், பாதுகாப்பாக அடக்கிய உடல்களால் அல்ல.

செலவு வேறு. சவப்பெட்டிக்கும் எரிப்புக்குமாக 50,000 ரூபாவுக்கு மேல் கேட்கப்பட்டதாகக் குடும்பங்கள் முறையிட்டன. தன் விருப்பத்துக்கு மாறாகத் தன் தகப்பனை எரிப்பதற்குத் தானே காசு கட்டு என்றால் யார் கட்டுவார்? பலர் கையெழுத்திடவும் காசு கட்டவும் மறுத்தார்கள். 2020 டிசம்பரில் கொழும்புச் சவ அறையில் 19 உடல்கள் உரிமை கோரப்படாமல் கிடந்தன. அவற்றை எரிக்கலாம் என்று சட்ட மா அதிபர் சொல்ல வேண்டியிருந்தது. விரைவாகவும் பாதுகாப்பாகவும் முடியும் என்று தேர்ந்தெடுத்த வழி, உடல்களைக் குளிர்ப்பெட்டியில் நாட்கணக்காகக் காத்திருக்க வைத்தது. அதே மாதம், பிறந்து 20 நாளேயான குழந்தை ஒன்று பெற்றோரின் விருப்பத்துக்கு எதிராக எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் சனங்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கபன் துணி. சிங்களவரும் தமிழரும் வந்து கட்டினார்கள். இரவோடிரவாக யாரோ அவற்றை அகற்ற, மறுநாள் வேறு வேறு ஊர் வேலிகளில் துணி முளைத்தது.

என் முதல் கேள்விக்கு வருகிறேன். காய்ச்சல் வந்த ஒரு முதியவர், "ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே மௌத்தானால் எரித்துவிடுவார்கள்" என்று நினைத்தால் என்ன செய்வார்? வீட்டுக்குள் இருப்பார். பீசீஆர் எடுக்கமாட்டார். சுற்றியிருப்பவர்களுக்குத் தொற்றும். இந்த அச்சத்தை வைத்தியர்களே எச்சரிக்கையாகச் சொன்னார்கள். தொற்றைத் தடுக்க என்று போட்ட விதி, தொற்றை ஒளித்துவைக்கத் தூண்டிய விதியாகிறது. பொதுச் சுகாதாரத் தட்டில் வைத்தே நிறுத்தாலும் கட்டாய எரிப்பு இங்கேதான் தோற்கிறது.

உள்ளூர் மையவாடியில் அடக்கம்

உலகத்தின் பெரும்பாலான நாடுகள் செய்தது இதைத்தான். கசியாத பை, மூடிய பெட்டி, ஆழமான குழி, நாலைந்து பேர், பார்த்து நிற்க ஒரு சுகாதார அதிகாரி. நீர்மட்டம் உயர்ந்த ஊரென்றால் அடுத்த ஊர் மையவாடி.

இதற்கும் குறைகள் உண்டு. நூற்றுக்கணக்கான மையவாடிகளில் எங்கே எப்போது அடக்கம் நடந்தாலும் ஒரு பரிசோதகர் போய் நிற்கவேண்டும். அவர்களுக்கோ நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிக்கவே நேரம் போதவில்லை. ஊர்ச் சனம் எதிர்க்கவும் கூடும். சென்னையில் நடந்ததை மறந்திருக்கமாட்டோம்: 2020 ஏப்ரலில் கோவிட்டில் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்கவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. அந்த இடத்தில் தமிழ்நாட்டு அரசு எடுத்த முடிவைப் பாருங்கள். புதைப்பதைத் தடை செய்யவில்லை. புதைப்பதைத் தடுப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் போட்டது. சென்னையில் பயந்தது கூட்டம். அரசு அந்தப் பயத்தை அடக்கியது. கொழும்பில் பயத்தை வர்த்தமானியாக அச்சடித்தது அரசே.

இலங்கை நிபுணர்கள் இந்த வழியை அறியாதவர்கள் இல்லை. 2020 டிசம்பரில் பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையில் ஒரு குழுவை அரசாங்கமே நியமித்தது. எரிப்பு, அடக்கம் இரண்டையும் நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்று அது சொன்னது. சமுதாய மருத்துவர் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் ஏறத்தாழ அதே நாட்களில் அதையே சொல்லின. 2021 ஜனவரியில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பாராளுமன்றத்தில் எரிப்பே தொடரும் என்றார். எல்லாவற்றுக்கும் "நிபுணர்கள் சொன்னால்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்த அரசாங்கம், நிபுணர்கள் சொன்னபோது வேறு நிபுணர்களைத் தேடியது.

வழக்குக்குப் போனவர்களுக்கும் வழி கிடைக்கவில்லை. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவின்படி மனுக்களை முழு விசாரணைக்கே எடுக்காமல் தள்ளியது. நிலத்தடி நீர் என்ற அந்த ஒற்றை வாதத்தை ஒரு நிபுணரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்திருந்தால் இரண்டு மணித்தியாலம் நின்றிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அதற்கு வாய்ப்பே வரவில்லை.

இந்த அடக்கம் முஸ்லிம்களின் கேள்வி மட்டும்தான் என்று பலர் நினைத்தார்கள். கத்தோலிக்கர் புதைக்கிறார்கள். மலையகத் தோட்டங்களில் நம்மவர்கள் காலங்காலமாகப் புதைக்கிறார்கள். கிராமத்துச் சிங்களப் பௌத்தரிலும் புதைப்பவர் உண்டு. ஆனால் கபன் துணி கட்ட வேண்டியிருந்தது ஒரு சமூகத்துக்குத்தான். மற்றவர்கள் பெரும்பாலும் "இந்த நேரத்தில் என்ன செய்ய" என்று விட்டுக்கொடுத்தோம். விட்டுக்கொடுத்ததைப் பெருந்தன்மை என்று சிலர் எழுதினார்கள்; எனக்கு அது சோர்வாகத்தான் தெரிந்தது.

கடலுக்கு அப்பால், கடலுக்கு நடுவில்

மாலைதீவு யோசனையை விரைவாகக் கடந்துவிடலாம். 2020 டிசம்பர் நடுப்பகுதியில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் வேண்டுகோளின் பேரில் இலங்கை முஸ்லிம்களின் உடல்களை அங்கே அடக்குவது பற்றி ஆலோசிப்பதாக மாலைதீவு வெளிவிவகார அமைச்சர் அறிவித்தார். நல்லெண்ணமாக இருக்கலாம். ஆனால் சொந்த நாட்டுக் குடிமகனுக்கு ஆறடி மண் இல்லை என்று சொல்லி, கடல் மட்டத்திலிருந்து சராசரி ஒன்றரை மீற்றர் உயரங்கூட இல்லாத தீவுக்கு அனுப்புவதாம். அதுவும் நிலத்தடி நீரைக் காப்பாற்றுவதற்காக! ஒப்பிட இதில் ஒன்றுமில்லை.

மன்னாரில் வறண்ட நிலம் பார்க்கிறார்கள் என்ற பேச்சு அதற்கு முன்பே அடிபட்டு அடங்கியிருந்தது.

2021 பெப்ரவரியில் காற்று திரும்பியது. 10ஆம் திகதி பிரதமர் மஹிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் அடக்கத்துக்கு அனுமதி என்றார். அடுத்த நாளே இராஜாங்க அமைச்சர் ஒருவர், நிபுணர் குழுதான் தீர்மானிக்கவேண்டும் என்றார். 22ஆம் திகதி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக் கூட்டத்தொடர் தொடங்கியது. இலங்கை மீதான தீர்மானத்தில் இஸ்லாமிய நாடுகளின் வாக்கு தேவைப்பட்ட நேரம். 23ஆம் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பில் இறங்கினார். 25ஆம் திகதி வர்த்தமானி திருத்தப்பட்டது. பத்து மாதமாக மண்ணுக்குள் இருந்த ஆபத்து, இரண்டு நாள் விருந்தாளி வந்துபோனதும் நீங்கிவிட்டது. டிசம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் தண்ணீரைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை.

அனுமதி என்றார்கள், எங்கே என்று சொல்லவில்லை. மார்ச் தொடக்கத்தில் சொன்னார்கள்: இரணைதீவு.

வடக்கை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் எப்படிக் கேட்டிருக்கும்! பாக்கு நீரிணைப் பக்கக் கடலில், கிளிநொச்சி மாவட்டம் பூநகரிப் பிரிவில் உள்ள இரட்டைத் தீவு அது. அங்கே வாழ்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் 1992இல் இடம்பெயர்ந்தன. பிறகு கடற்படை இருந்தது. முழங்காவில் பக்கம் இரணைமாதா நகரில் கால் நூற்றாண்டு காத்திருந்து, ஒரு வருடம் தொடர் போராட்டம் நடத்தி, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடியோடு தங்கள் படகுகளிலேயே போய் இறங்கித் தங்கள் மண்ணை எடுத்துக்கொண்டவர்கள். கடலட்டையும் மீனும்தான் பிழைப்பு. குடிதண்ணீரோ அந்தத் தீவின் கிணறுகள்தாம்.

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர், அதற்குப் பிறகு படகு. ஜனாஸாவோடு யார் போவது? நினைவு விருந்தான கந்தூரிக்கோ, கபுறை (கல்லறையை)த் தரிசிக்கும் ஸியாரத்துக்கோ ஒரு மகன் எப்போது போய்வருவான்? தீவு மக்கள் எதிர்த்தார்கள். முஸ்லிம் தலைவர்களும் வேண்டாம் என்றார்கள். அந்த எதிர்ப்பை "தமிழர் முஸ்லிம்களைப் புதைக்கவிடவில்லை" என்று திரித்துப் பேசவும் சிலர் முயன்றார்கள். நான் பார்த்தவரை தீவு மக்கள் கேட்டது வேறு: அவரவர் ஊரில் அவரவர் மையவாடி இருக்க, ஏன் எங்கள் தீவு? இது முஸ்லிம்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. ஒரு முடிவு இரண்டு சமூகங்களையும் ஒரே நாளில் காயப்படுத்தியதென்றால், அதை வரைந்தவர் வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிந்த ஒரு புள்ளியைத் தேடியவராகத்தான் இருக்கவேண்டும்.

ஓட்டமாவடி

இரணைதீவு சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் முதல் அடக்கங்கள் நடந்தன.

எரிப்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்பதை ஒளிக்கக்கூடாது. ஜனாஸா மண்ணுக்குப் போனது. பிரதேச சபையும் உள்ளூர்த் தொண்டர்களும் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். 2021 ஓகஸ்ட், செப்டெம்பரில் டெல்டா அலை அடித்தபோது வரிசையாக லொறிகள் வந்தன. தூரமும் வேலையும் எப்படியிருந்தாலும், "எரித்துவிடுவார்கள்" என்ற பயம் போனதே பெரிய விடுதலை. நோயை மறைக்க இருந்த பெரிய காரணம் அன்றோடு போயிற்று. என் முதல் கேள்வியில் ஓட்டமாவடி தேறிவிடுகிறது.

மற்றக் கேள்விகளில் தேறவில்லை. ஒரு நாட்டுக்கே ஒரு மையவாடி. கொழும்பில் மௌத்தானவர் 250 கிலோமீற்றருக்கு மேல் இராணுவக் காவலோடு வரவேண்டும். காலி, மாத்தறையிலிருந்து இன்னும் தூரம். கூடவே ஓரிருவர்தான் வரலாம். மனைவிக்குக் கபுறு இருக்கும் இடம் தெரியும், எண் போட்ட கல் இருக்கிறது என்று தெரியும், ஆனால் ஒரு முழு நாள் பயணமும் வாகனக் கூலியும் இல்லாமல் போகமுடியாது. சுகாதாரக் காரணமும் விளங்கவில்லை. ஓட்டமாவடி மண் பாதுகாப்பென்றால் புத்தளத்து மண்ணுக்கு என்ன குறை? அது அதைவிட வறண்ட இடம். மையவாடிகளும் முஸ்லிம் ஊர்களும் நிறைந்த மாவட்டம். ஆனாலும் புத்தளத்து மையித்து நாட்டைக் குறுக்கே கடந்து கிழக்குக்கு வந்தது. இத்தனை பேரின் கை பட்டு, இத்தனை மணித்தியாலம் வண்டியில் இருப்பதில்தான் தொற்று ஆபத்து கொஞ்சமாவது கூடும். உள்ளூரில் அரை மணித்தியாலத்தில் முடிகிற காரியம்.

நான் அதிகாரியாக இருந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால்? ஏப்ரல் நடுப்பகுதி வரை எரிப்பைத் தற்காலிகமாக, முடிவு திகதி போட்டு, ஏற்றுக்கொண்டிருப்பேன். அதுவும் குடும்பத்திடம் காசு வாங்காமல். அதற்குப் பிறகு மாவட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ மையவாடிகளை நீர்மட்டம் அளந்து குறித்துக் கொடுத்திருப்பேன். பரிசோதகர் பற்றாக்குறைக்கு அது பதில். தூரத்துக்கும் அது பதில். உள்ளூர் அடக்கத்துக்கும் ஓட்டமாவடிக்கும் நடுவில் இப்படி ஒரு வழி எல்லாக் காலத்திலும் இருந்தது. அதை யாரும் மேசையில் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. மேசையில் ஓரத்தில் உலை, மறு ஓரத்தில் தீவு என்று இரண்டு எல்லைகள்தான் இருந்தன. தீவிரவாத முஸ்லிம் குழுவொன்று 2019 உயிர்த்த ஞாயிறன்று நடத்திய குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு வந்த தேர்தல்களில் யாருக்கு என்ன வாக்குறுதி கொடுக்கப்பட்டது என்பதை வைத்துப் பார்த்தால்தான் அந்த மேசை அப்படி ஏன் இருந்தது என்று புரியும். 2020 ஒக்டோபரில், ஜனாதிபதியின் அதிகாரங்களைக் கூட்டிய அரசியலமைப்பின் 20ஆம் திருத்தத்துக்குக் கைதூக்கிய எதிரணி முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரிடமும் இதைக் கேட்கலாம். கையைத் தூக்கினார்கள், மையவாடிக் கதவு நாலு மாதமாகத் திறக்கவில்லை.

கட்டாயமாக எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று 2024இல் மன்னிப்புக் கேட்ட நேரம் சொன்னார்கள். ஓட்டமாவடியில் ஒரு வருடத்தில் அடக்கப்பட்டவர்கள் 3,634 பேர். அதில் 2,992 பேர் முஸ்லிம்கள். மீதி 642 பேரில் இந்துக்கள் 287, பௌத்தர்கள் 270, கிறிஸ்தவர்கள் 85. புதைக்க விரும்பிய மற்றவர்கள் இத்தனை பேர், அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர்கள், அந்த முஸ்லிம் ஊரின் மண்ணில் இடம் பெற்றார்கள்.

2022 மார்ச் 5ஆம் திகதியிலிருந்து சுகாதாரப் பணிப்பாளர் நாயகத்தின் சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்தது. கோவிட்டில் இறந்தவரை எந்த மயானத்திலும் எரிக்கலாம், அல்லது புதைக்கலாம்.